எஸ்டிஎம்-1-ல் 63 லைன் தானா? மீதி எங்கே போகிறது?

கேள்வி: வேலந்தாவளத்திலிருந்து ஒரு வாசகர்
2023 செப்டம்பர் 9

எஸ்டிஎம்-1 என்ற ஃபைபர் லைனின் வேகம் நொடிக்கு 155.52 மெகாபிட், அதற்குள் போகும் ஈ1 என்ற பழைய லைனின் வேகம் 2.048 மெகாபிட். வகுத்தால் 75.9 வருகிறது. எங்களுக்கு வந்த கொட்டேஷனில் எஸ்டிஎம்-1 ஒன்றில் 63 ஈ1 என்று போட்டிருக்கிறார்கள். 12 லைனை யார் சாப்பிடுகிறார்கள்? காசு மட்டும் முழு 155-க்கு வாங்குகிறார்கள். பழைய லைன் வேகத்தை ஃபைபர் வேகத்துக்கு மாற்ற ஒரே சூத்திரம் இருந்தால் சொல்லுங்கள்.

2023 செப்டம்பர் 9, இரவு

யாரும் சாப்பிடவில்லை. ஒரே சூத்திரமும் கிடையாது. வேகத்தை வேகத்தால் வகுத்தால் இந்தத் துறையில் விடை தப்பாகத்தான் வரும். எந்தப் பெட்டிக்குள் எந்தப் பெட்டி போகிறது என்று பார்க்க வேண்டும்.

முதலில் 8000 என்ற எண்ணைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒருவர் பேசும் குரலை நொடிக்கு 8000 முறை அளந்து, ஒவ்வொரு அளவையும் 8 பிட்டாக எழுதினால் 64 கிலோபிட். அதில் 32 சேர்ந்தால் 2048 கிலோபிட், அதுதான் ஈ1. நம் பக்கம் டிரான்ஸ்மிஷன் ஆட்கள் எல்லோரும் "டூ எம்பி" என்று சொல்வது இதைத்தான். 32-ல் முதலாவது ஃப்ரேம் பிடிக்க (ஒவ்வொரு சுற்றும் எங்கே ஆரம்பிக்கிறது என்று காட்ட), நடுவில் 16-ஆம் எண் சிக்னலிங்குக்கு (அழைப்பைத் தொடங்க, முடிக்க), மீதி 30 பேச்சுக்கு.

எஸ்டிஎம்-1-ம் அதே தாளத்தில்தான் ஓடுகிறது. 9 நிரை, 270 நிரல் கொண்ட ஒரு கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பைட். முழுக் கட்டமும் நொடிக்கு 8000 முறை போகும். 9 × 270 × 8 × 8000 போட்டுப் பாருங்கள், 155.52 மெகாபிட் சரியாக வரும். ஆக ஒரு நிரல் என்பது 9 × 8 × 8000, அதாவது 576 கிலோபிட். இனிமேல் மெகாபிட்டை மறந்துவிட்டு நிரலை மட்டும் எண்ணலாம்.

270-ல் முதல் 9 நிரல் மேற்பார்வைக்கு. மீதி 261. அதில் ஒன்று பாதைத் தகவலுக்கு. 260. இதை மூன்றாகப் பிரிக்க வேண்டும், 260 மூன்றால் வகுபடாது, 2 நிரல் சும்மா நிரப்பி. 258, ஆளுக்கு 86. ஒவ்வொரு 86-லும் மறுபடி 2 நிரப்பி, 84. அந்த 84-ஐ ஏழாகப் பிரித்தால் 12, அதை மூன்றாகப் பிரித்தால் 4. ஒரு ஈ1-க்குக் கிடைப்பது இந்த 4 நிரல். 3 × 7 × 3 = 63. இதுதான் உங்கள் கொட்டேஷனில் இருக்கும் எண்.

4 நிரல் என்றால் 2.304 மெகாபிட். ஈ1 கேட்பது 2.048. மிச்சம் 0.256 வீண் இல்லை. ஈ1-ன் கடிகாரம் பத்து லட்சத்தில் 50 பங்கு முன்னே பின்னே ஓடலாம் என்பது விதி. அந்த ஆட்டத்தைத் தாங்கவும், பெட்டி எங்கே ஆரம்பிக்கிறது என்று காட்டவும், வழியில் பிழை வந்ததா என்று பார்க்கவும் அந்த இடம் வேண்டும்.

கூட்டிப் பாருங்கள். மேற்பார்வை 5.184, பாதை 0.576, நிரப்பிய 8 நிரல் 4.608, ஒவ்வொரு லைனோடும் போன கூடுதல் 16.128. மொத்தம் 26.496 மெகாபிட். 2.048-ஆல் வகுத்தால் 12.9. உங்கள் 12 லைன் அங்கே இருக்கிறது.

2023 செப்டம்பர் 10

"2 எம்பி என்பது 2 × 1024, அதனால்தான் 2048" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லை. 32 × 64 பெருக்கினால் 2048, அவ்வளவுதான். டெலிகாம் கணக்கில் கிலோ என்றால் எப்போதும் 1000. 1024-ஐ இங்கே கொண்டுவந்தால் எஸ்டிஎம்-1 வரைக்கும் போவதற்குள் கணக்கு மெகாபிட் கணக்கில் விலகிவிடும்.

1024 வருவது கம்ப்யூட்டர் பக்கம். ஃப்ரேம் உள்ள ஈ1-ல் இணையம் கொடுத்தால் சிக்னலிங் இடமும் டேட்டாவுக்கே போவதால் உண்மையில் கிடைப்பது 31 இடம், 1984 கிலோபிட். எட்டால் வகுத்தால் நொடிக்கு 248 ஆயிரம் பைட். பாக்கெட் தலைப்புகள் போய், டவுன்லோட் பெட்டி 1024-ஆல் வகுத்துக் காட்டும்போது 230-க்குச் சற்று மேலே நிற்கும். கஸ்டமர் போன் பண்ணி "2 எம்பி என்று சொன்னீர்கள், 230 கேபி தான் வருகிறது" என்பார். அந்த லைன் முழுசாக ஓடுகிறது என்பதற்கு அந்த 230 தான் சாட்சி. இதைப் பொறுமையாகச் சொல்லத் தெரிந்த ஆள் ஒவ்வொரு எக்ஸ்சேஞ்சிலும் ஒருவராவது இருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

2023 செப்டம்பர் 10, மாலை

63 இல்லை, 64 லைன் என்று கேள்விப்பட்டவர்கள் சொல்வதும் பொய் இல்லை. அது எஸ்டிஎம் வருவதற்கு முந்தைய 140 மெகாபிட் சிஸ்டம். அங்கே நாலு நாலாகச் சேர்ப்பார்கள். 4 ஈ1 சேர்ந்து 8.448, அதில் நாலு 34.368, அதில் நாலு 139.264. 4 × 4 × 4 = 64 ஈ1. ஒவ்வொரு படியிலும் நாலு மடங்கைவிடக் கொஞ்சம் அதிகம் இருப்பதைக் கவனியுங்கள். ஒவ்வொரு லைனின் கடிகாரமும் தன் போக்கில் ஓடுவதால், சேர்க்கும்போது நிரப்பு பிட் போட்டுத்தான் ஒரே வேகத்துக்குக் கொண்டுவர முடியும்.

அப்புறம் பாருங்கள், 140-ஐக் கழற்றிவிட்டு எஸ்டிஎம்-1 மாட்டும் இடத்தில் 64 லைனும் நிறைந்திருந்தால், வேகம் 139-லிருந்து 155 ஆகக் கூடும், லைன் ஒன்று குறையும். நிர்வாகத்துக்கு இதை எழுதிக் கொடுத்தால் நம்ப மாட்டார்கள். நிரல் கணக்கைக் காகிதத்தில் போட்டுக் காட்டினால் நம்புவார்கள்.

2023 செப்டம்பர் 12

இன்னும் மோசமான கேஸ் ஒன்று உண்டு. அந்த 34 மெகாபிட்டை அப்படியே தூக்கி எஸ்டிஎம்-1-ல் வைத்தால் மூன்றுதான் போகும். அது உட்காரும் பெட்டியின் அளவு 48.384 மெகாபிட். அமெரிக்காவின் 44.736-ம் அதே பெட்டிக்குள் அடங்க வேண்டும் என்று பெரிதாகச் செய்த பெட்டி அது. நம் 34 அதற்குள் போனால் பக்கத்துக்குப் பக்கம் காலி. மூன்று 34 என்றால் 48 ஈ1.

ஆக, அதே எஸ்டிஎம்-1. ஈ1 ஈ1-ஆக வைத்தால் 63. 34-ஆக வைத்தால் 48. 140-ஐ அப்படியே வைத்தால் 64. "எஸ்டிஎம்-1-ல் எத்தனை லைன்" என்ற கேள்விக்கு "எப்படி வைக்கப் போகிறீர்கள்" என்று கேட்காமல் பதில் சொல்லும் ஆளிடம் சாமான் வாங்காதீர்கள்.

2023 செப்டம்பர் 12, இரவு

"அப்படியென்றால் பழைய 140 தானே சிக்கனம், எதற்கு இந்த 26 மெகாபிட் தண்டம்?" என்று கேட்டவருக்கு.

பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சிக்கு 140 ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் கொழிஞ்சாம்பாறையில் ஒரே ஒரு ஈ1 இறக்க வேண்டும். 140-ஐ நாலு 34 ஆகப் பிரிக்க ஒரு மக்ஸ் (லைன்களைச் சேர்க்கும், பிரிக்கும் கருவி), அதில் ஒன்றை நாலு 8 ஆகப் பிரிக்க ஒரு மக்ஸ், அதில் ஒன்றை நாலு 2 ஆகப் பிரிக்க ஒரு மக்ஸ். லைனை எடுத்த பிறகு மிச்சத்தைத் திரும்ப ஏற்ற அதே வரிசை எதிர்ப்பக்கம். ஒரு அறை முழுக்க ராக். ஒவ்வொரு ராக்குக்கும் இடையில் 75 ஓம் கோஆக்சியல் கேபிள் கட்டுக்கட்டாகத் தொங்கும். ஆடிக்காற்று வாளையாறு கணவாய் வழியாக அடிக்கும் நாளில் கரண்ட் போய்ப் போய் வரும். பேட்டரி அத்தனை ராக்குக்கும் தீனி போட வேண்டும்.

எஸ்டிஎம்-ல் அந்த ஒரு ஈ1 எந்த நாலு நிரலில் இருக்கிறது என்று பாய்ண்டர் காட்டிக்கொடுக்கும். நேரே கையை விட்டு அதை மட்டும் எடுக்கலாம், மற்ற 62-ஐத் தொட வேண்டாம். ஒரே பெட்டி, ஒரே கார்டு. 26 மெகாபிட் கொடுத்து வாங்கியது இதைத்தான். ஊர் ஊராக இறங்கி ஏறும் எங்கள் பாலக்காட்டுச் சித்தூர் தாலுக்கா மாதிரி இடத்துக்கு இது பெரிய காரியம்.

2023 செப்டம்பர் 17

அமெரிக்காவில் வேலை பார்க்கும் ஒரு தம்பி அங்கே ஃபைபர் வேகத்துக்குச் சொல்லும் ஓசி-3 என்ற பெயரைப் பற்றிக் கேட்டிருக்கிறார். எளிதானது: ஓசி எண்ணை மூன்றால் வகுத்தால் எஸ்டிஎம் எண். ஓசி-3 = எஸ்டிஎம்-1, 155.52. ஓசி-12 = எஸ்டிஎம்-4, 622.08. ஓசி-48 = எஸ்டிஎம்-16, 2488.32. ஓசி-192 = எஸ்டிஎம்-64, 9953.28. நாலு மடங்கு என்றால் அச்சு அசலாக நாலு மடங்கு, நிரப்பு பிட் ஒன்றும் கிடையாது. எல்லாம் ஒரே கடிகாரத்தில் ஓடுவதன் பலன். எஸ்டிஎம்-4-ல் 252 ஈ1, எஸ்டிஎம்-16-ல் 1008.

உள்ளே போகும் சாமான்தான் வேறு. அங்கே ஈ1 கிடையாது, டி1. 24 குரல், கூடவே ஃப்ரேம் பிடிக்க ஒரே ஒரு பிட். 24 × 8 + 1 = 193 பிட், 8000 முறை, 1.544 மெகாபிட். பெல் நிறுவனம் 1962-லேயே இதை ஓட்டிவிட்டது. நம் 32 இட முறை ஐரோப்பா வழி வந்தது.

இந்த இரண்டையும் ஒரே கட்டத்துக்குள் அடக்கியதுதான் எனக்கு இன்றைக்கும் பிடித்த விஷயம். அமெரிக்கத் தரப்பு முதலில் 13 நிரை, 60 நிரல் என்று போட்டிருந்தது, 49.92 மெகாபிட். ஐரோப்பாவுக்கு அது ஒத்துவரவில்லை, 9 நிரை கேட்டார்கள். 1988-ல் 9-க்கு எல்லோரும் இறங்கி வந்தார்கள். 9 நிரை வைத்தால் டி1 மூன்று நிரலிலும் ஈ1 நாலு நிரலிலும் கச்சிதமாக உட்காரும். நிரப்பியெல்லாம் போக எஸ்டிஎம்-1-ல் மிஞ்சும் நிரல் எத்தனை? 252. மூன்றால் வகுத்தால் 84 டி1. நாலால் வகுத்தால் 63 ஈ1. இரண்டு கண்டங்களின் சண்டை தீர்ந்த இடம் இந்த 252.

குரல் கணக்கில் பார்த்தால் 84 டி1-ல் 2016, 63 ஈ1-ல் 1890. ஆனால் டி1-ல் சிக்னலிங்குக்குத் தனி இடம் இல்லை. பேச்சின் பிட்டிலிருந்தே அவ்வப்போது ஒன்றைத் திருடுவார்கள். அந்தப் பக்கத்தில் பழைய டேட்டா லைன் 64-க்குப் பதில் 56 கிலோபிட் என்று இருந்ததற்கு அதுதான் காரணம்.

2023 செப்டம்பர் 18

மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும். ஓசி-3-ம் எஸ்டிஎம்-1-ம் வேகத்தில் ஒன்று என்பதால் கேபிளை மாற்றிச் செருகினால் ஓடிவிடும் என்று நினைக்க வேண்டாம். உள்ளே 51.84 வேகத்தில் மூன்றாகப் பிரிந்திருக்கிறதா, ஒரே துண்டாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ரவுட்டரில் சோனெட் (ஓசி வரும் அமெரிக்க முறை), எஸ்டிஎச் (எஸ்டிஎம் வரும் நம் முறை) என்று ஒரு செட்டிங் இருக்கும். அதைத் தொடாமல் விட்டால் லைட் வரும், லைன் வராது.

2023 அக்டோபர் 1

இரண்டு வாரமாக எழுத நினைத்தது இதுதான். 63 என்ற எண்ணிக்கை சரியாக இருந்தாலும் எது எத்தனையாவது என்பதில் ஒரு பொறி இருக்கிறது.

ஒவ்வொரு ஈ1-க்கும் மூன்று எண் முகவரி உண்டு. கே என்பது மூன்றில் எந்தப் பகுதி, எல் என்பது ஏழில் எது, எம் என்பது மூன்றில் எது. இந்த மூன்றையும் 1-லிருந்து 63 வரை ஒரே எண்ணாக மாற்ற இரண்டு வழக்கம் இருக்கிறது. ஒன்று பெட்டி பெட்டியாக எண்ணுவது: 21 × (கே−1) + 3 × (எல்−1) + எம். இன்னொன்று உலகத் தொலைத்தொடர்பு அமைப்பான ஐடியு விதிப்படி நிரல் வரும் வரிசையில் எண்ணுவது: கே + 3 × (எல்−1) + 21 × (எம்−1). சில கம்பெனி மக்ஸ் முதல் வழக்கம், சில இரண்டாவது.

கேரளப் பக்கம் ஒரு கம்பெனி மக்ஸ், தமிழ்நாட்டுப் பக்கம் வேறு கம்பெனி மக்ஸ், நடுவில் ஃபைபர். ஒரு வங்கிக் கிளையின் லைனை எங்கள் பக்கம் 2-ஆம் போர்ட்டில் கொடுத்தோம். அந்தப் பக்கம் 2-ல் வரவில்லை. லைன்களை இணைக்கும் சட்டமான டிடிஎஃப்-ல் குட்டிக் கோஆக்சியல் துண்டை மாட்டி, அனுப்புவது எங்களுக்கே திரும்பி வரும்படி லூப் போட்டேன். எங்கள் கார்டில் சிவப்பு லைட் அணைந்தது, எங்கள் போர்ட் நல்லாத்தான் இருந்தது. லூப்பை எடுத்தால் திரும்பச் சிவப்பு. அங்கிருந்த தம்பி ஒவ்வொரு போர்ட்டாகப் பார்த்துக்கொண்டே போய், "அண்ணா, 22-ல ஏதோ வருதுங்க" என்றார். எங்கள் 22-ல் இருந்த வேறொரு லைன் அவருடைய 2-ல் வந்துகொண்டிருந்தது.

2-ம் 22-ம் இடம் மாறியிருந்தால் யாருக்கும் முதலில் தோன்றுவது கேபிள் மாறிவிட்டது என்பதுதான். இரண்டு கேபிளையும் மாற்றிச் செருகினால் ஓடும். அத்தோடு வேலை முடிந்தது என்று போய்விடலாம். அடுத்து 3-ல் லைன் கொடுத்தால் 43-ல் போய் நிற்கும்.

காரணம் கணக்கிலேயே இருக்கிறது. இரண்டு சூத்திரத்துக்கும் வித்தியாசம் கே-யும் எம்-மும் இடம் மாறியதுதான். ஆகவே ஜோடி ஜோடியாக மாறும். கே-யும் எம்-மும் ஒன்றாக இருக்கும் முகவரிகளில் இரண்டு வழக்கமும் ஒரே எண்ணைத் தரும். அப்படி 63-ல் 21 இருக்கிறது. முதல் போர்ட் அதில் ஒன்று. கடைசிப் போர்ட் 63-ம் அதில் ஒன்று. நடுப் போர்ட் 32-ம் அதில் ஒன்று! லைன் திறக்கும் நாளில் எல்லோரும் டெஸ்ட் பண்ணுவது முதலும் கடைசியும், ரொம்ப அக்கறை இருந்தால் நடுவில் ஒன்று. மூன்றும் பாஸ் ஆகிவிடும். மீதி 42 தப்பாக இருக்கும்.

ஆகையால் இரண்டு கம்பெனி மக்ஸ் சந்திக்கும் இடத்தில் 2-ஆம் போர்ட்டை டெஸ்ட் பண்ணுங்கள். அது 2-லேயே வந்தால் மற்றதும் வரும். ராக்கின் கதவில் கே, எல், எம் மூன்றையும் எழுதி ஒட்டுங்கள், வெறும் போர்ட் எண் வேண்டாம்.

2023 அக்டோபர் 3

எஸ்டிஎம்-4-ல் இந்த முகவரி மாறுமா என்று கேட்டிருக்கிறார்கள். ஆம், முன்னால் இன்னொரு எண் சேரும், நாலில் எந்த எஸ்டிஎம்-1 என்று. உள்ளே அதே கதை.

2023 அக்டோபர் 15

ஈதர்நெட்டை எஸ்டிஎச் மேல் ஓட்டுவது பற்றிக் கேட்டவர்களுக்கு. ஈதர்நெட் 8000 குடும்பத்தைச் சேர்ந்தது இல்லை. 10, 100, 1000 என்று உருண்டை எண். அதனால் பெட்டிகளைச் சேர்த்துக் கட்டித்தான் வைக்க வேண்டும். ஈ1 அளவுப் பெட்டிக்குள் டேட்டாவுக்குக் கிடைப்பது 2.176 மெகாபிட். 10-க்கு ஐந்து பெட்டி, 10.88. 100-க்கு 46 பெட்டி, 100.096, இவ்வளவு நெருக்கமாக அமைவது அபூர்வம். 1000-க்கு 149.76 அளவுள்ள பெரிய பெட்டி ஏழு, 1048.32.

எஸ்டிஎம்-16-ல் பெரிய பெட்டி 16 இருக்கும். இரண்டு ஜிகாபிட் லைன் வைத்தால் 14 போய்விடும். மிச்சம் இரண்டில் 126 ஈ1 வைத்துக்கொள்ளலாம். "2.5 ஜிகா" என்று விற்பதில் இரண்டரை ஜிகாபிட் லைன் போகாது, இரண்டுதான் போகும். அந்த அரை வீணாகாமல் பழைய லைன்களைச் சுமந்துகொண்டு நிறைய காலம் ஓடியிருக்கிறது.

2023 நவம்பர் 5

வீட்டுக்கு வரும் ஃபைபரைப் பற்றி: அதன் முறையான ஜிபான் கீழ்நோக்கி 2488.32, மேல்நோக்கி 1244.16. இந்த எண்ணை எங்கே பார்த்தோம்? எஸ்டிஎம்-16, அதில் பாதி. ஃப்ரேமும் அதே 125 மைக்ரோவினாடி, ஒரு ஃப்ரேமில் 38880 பைட். நொடிக்கு எத்தனை ஃப்ரேம்? 8000. எஸ்டிஎச் செத்துவிட்டது என்பவர்கள் தங்கள் வீட்டு மோடத்துக்குள் ஓடும் தாளத்தைக் கவனிப்பதில்லை.

ஒரு போர்ட்டை 64 வீட்டுக்குப் பிரித்து, எல்லோரும் ஒரே நேரத்தில் இழுத்தால் ஆளுக்கு 38.88 மெகாபிட். ஒரு முழு எக்ஸ்சேஞ்சின் 140 மெகாபிட்டைப் பார்த்து நாங்கள் மலைத்து நின்ற ஊரில் இப்போது கேரள மின்வாரியமான கேஎஸ்ஈபி கம்பத்தில் கேரள அரசின் இணையத் திட்டமான கே-ஃபோன் ஃபைபர் தொங்குகிறது. 2023 ஜூனில் திறந்தார்கள். பிராட்பேண்ட் என்ற பெயருக்கே அரசு 2004-ல் வைத்த கெடு 256 கிலோபிட், குரல் கணக்கில் நாலு இடம். 2013-ல் 512 ஆனது. 2023-ல்தான் 2 மெகாபிட் ஆக்கினார்கள், அதாவது ஏறக்குறைய ஒரு ஈ1. ஒரு காலத்தில் 30 பேர் பேசிய லைன்.

2023 டிசம்பர் 2

முதல் கேள்வி கேட்ட வேலந்தாவளத்துத் தம்பி தனியே எழுதியிருந்தார். எஸ்டிஎம் வேண்டாம் என்று முடிவாம். கையில் இருக்கும் 40 ஈ1-ஐ ஈதர்நெட் லைனில் பாக்கெட்டாக அனுப்பப் போகிறார்களாம். 40 × 2.048 = 81.92, ஆகவே 100 மெகாபிட் போதும் என்று விற்பனையாளர் சொல்லியிருக்கிறார். மறுபடி அதே வகுத்தல் பெருக்கல்.

ஈ1-ஐப் பாக்கெட் ஆக்கினால் வழக்கமாக 256 பைட்டுக்கு ஒரு பாக்கெட், நொடிக்கு 1000 பாக்கெட். ஒவ்வொன்றுக்கும் ஈதர்நெட் தலைப்பும் வாலும் 18 பைட், வழி காட்டும் லேபிள் இரண்டு 8, கட்டுப்பாட்டுச் சொல் 4, பாக்கெட்டுக்கு முன்னும் பின்னும் விட வேண்டிய இடம் 20. ஆக 306 பைட். லைனுக்கு 2.448 மெகாபிட். 40 லைனுக்கு 97.92. எந்த வலையைச் சேர்ந்தது என்று காட்டும் விஎல்ஏஎன் டேக் ஒன்று சேர்ந்தால் 99.2. மேலாண்மைக்கு ஒரு பாக்கெட் அனுப்பக்கூட இடம் இருக்காது. தாமதம் குறைய வேண்டும் என்று 64 பைட் பாக்கெட் வைத்தால் லைனுக்கு 3.648, அப்போது 27 லைனுக்கு மேல் போகாது.

ஜிகா போர்ட் கேளுங்கள் தம்பி. அதோடு கடிகாரம் எங்கிருந்து வருகிறது என்றும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எஸ்டிஎச்-ல் கடிகாரம் லைனோடு சேர்ந்தே வந்தது, ஈதர்நெட்டில் தானாக வராது. கடிகாரத்தையும் சேர்த்து அனுப்பும் சிங்க் ஈதர்நெட் இருக்கிறதா, இல்லை பாக்கெட் வரும் வேகத்தைப் பார்த்து மறுமுனை ஊகிக்கப் போகிறதா என்று தெரியாமல் 40 கஸ்டமரை மாற்றாதீர்கள். ஊகிக்கிற வகை என்றால் முதலில் ஒரு லைனை மட்டும் மாற்றி, பகல் கூட்டமும் இரவு அமைதியும் சேர்ந்த ஒரு முழு நாள் ஸ்லிப் (கடிகாரம் பிசகி ஃப்ரேம் தவறுவது) எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு மற்றதைத் தொடுங்கள்.